எட்டு எபிசோடுக்குப் பிறகு யாரிடம் கேட்பது?

'1899' தொடரை இன்னும் பார்க்காதவர்கள், பார்க்கிற எண்ணம் இருந்தால், இதைப் பிறகு வாசிக்கலாம். கடைசிக் காட்சி வரை எல்லாவற்றையும் சொல்லித்தான் பேசப்போகிறோம். சொல்லாமல் பேச வழியும் இல்லை. எங்களுக்குப் பிரச்சினையே அந்தக் கடைசிக் காட்சியில்தான் ஆரம்பித்தது.

முதலில் கதை. 1899ஆம் வருஷம் கெர்பரோஸ் என்ற நீராவிக் கப்பல் ஐரோப்பாவிலிருந்து நியூயோர்க் நோக்கிப் போகிறது. மேலே வசதியானவர்கள், கீழே பிழைப்புத் தேடிப் போகிற ஏழைகள். நடுக்கடலில், நாலு மாதத்துக்கு முன் காணாமல்போன புரொமீதியஸ் என்ற கப்பல் இருக்கும் இடத்திலிருந்து ஒரு செய்தி வருகிறது. கப்டன் ஐக் லார்சன் கப்பலை அந்தப் பக்கம் திருப்புகிறார். போய்ப் பார்த்தால் அங்கே பூட்டிய அலுமாரிக்குள் ஒரு சின்னப் பையன் மட்டும் இருக்கிறான், கையில் கறுப்புப் பிரமிட்டு. அதற்குப் பிறகு ஒன்றும் சரியாக நடப்பதில்லை. ஆட்கள் சாகிறார்கள். கட்டிலுக்கு அடியில் சுரங்கம் திறக்கிறது. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் அவரவருடைய பழைய ஞாபகம் ஒரு நிலமாக விரிந்து கிடக்கிறது. கப்பலும் கடலும் கணினிக்குள் ஓடுகிற பொய் உலகம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது. கடைசியில் மௌரா என்ற டாக்டரம்மா கண்விழிக்கிறாள். வருஷம் 2099. இருப்பது விண்கலத்தில். சுற்றிவர மற்றப் பயணிகள் தூங்குகிறார்கள். திரையில் அவளுடைய தம்பி அனுப்பிய வரவேற்பு ஒன்று ஓடுகிறது. அவ்வளவுதான். எட்டாவது எபிசோட் முடிந்தது.

2023 பொங்கல் லீவில்தான் பார்த்தோம். கொழும்பில் வேலை செய்கிற எங்கள் கூட்டாளி ஒருத்தி தொடரை டவுன்லோட் பண்ணிக் கொண்டுவந்திருந்தாள். லிந்துலையில் எங்கள் லயத்துப் பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், அதில் இவ்வளவு பெரிய படத்தை ஓட்ட முடியாது. அந்த நாட்களில் தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் கட். லெப்டொப் பட்டரி தாங்குகிற வரைக்கும் பார்த்துவிட்டு, மிச்சத்துக்குக் கரண்ட் வருகிற வரை காத்திருந்தோம். ஒரு காம்பராவுக்குள் ஏழு பேர், கூட எங்களில் ஒருத்தியின் அப்பாயி. அப்பாயி கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை யாராவது ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டும் என்பது அவர் போட்ட கண்டிசன்.

எட்டாவது எபிசோட் முடிந்ததும், "அடுத்த சீசன் எப்ப?" என்று கேட்டோம். கொண்டுவந்தவள் சிரித்தாள். அப்போதுதான் சொன்னாள், அடுத்த சீசனே இல்லையாம்.

2022 நவம்பர் 17ஆம் திகதி வெளியான தொடர் அது. 2023 ஜனவரி 2ஆம் திகதி, இயக்குநர் பாரன் போ ஓடார் இனித் தொடர் வராது என்று இன்ஸ்டகிராமில் அறிவித்துவிட்டார். இடையில் 46 நாள். அவரும் எழுத்தாளர் யான்டே ஃப்ரீஸும் இதற்கு முன் எடுத்த 'டார்க்' தொடர் மூன்று சீசனில் முழுதாக முடிந்தது. இதையும் அப்படியே மூன்றாக முடிக்கத்தான் நினைத்திருந்தார்கள். முதல் பாகம் மட்டும் எங்கள் கைக்கு வந்திருக்கிறது.

அன்றைக்கு ராவு தூக்கம் வரவில்லை. ஒரு கொப்பியை எடுத்துக் கேள்விகளை எழுதினோம். மௌராவின் தம்பி கியரன் யார், அவனுக்கு என்ன வேணும்? அக்காவிடமிருந்து இந்தப் பொய் உலகத்தை ஏன் பிடுங்கிக்கொண்டான்? அந்த விண்கலமாவது உண்மையா, இல்லை அதுவும் இன்னொரு பொய் உலகமா? மௌராவும் டேனியலும் தங்கள் சுகமில்லாத பிள்ளைக்காகத்தான் முதன்முதலில் இப்படி ஒரு உலகத்தைச் செய்தார்கள் என்றால், அந்தப் பையன் எலியட் இப்போது உயிரோடு இருக்கிறானா? கப்பல்கள் குவிந்து கிடக்கிற ஓர் இடத்தைக் காட்டுகிறார்களே, அப்படியானால் இவர்கள் இதே பயணத்தை எத்தனை தரம் போயிருக்கிறார்கள்? விண்கலம் எங்கே போகிறது? பூமிக்கு என்ன ஆயிற்று?

எங்களை அதிகமாகக் குடைந்த கேள்வி வேறு. இவர்களெல்லாம் 2099இல் தூங்குகிறவர்கள் என்றால், 1899இல் அவர்கள் தூக்கிச் சுமந்த துக்கமெல்லாம் யாருடையது? டென்மார்க் குடும்பம் பட்ட அவமானம், ஹொங்கொங்கிலிருந்து வந்த லிங் யீயின் குற்ற உணர்ச்சி, இதெல்லாம் உண்மையில் நடந்ததா, யாராவது எழுதி உள்ளே போட்டதா? எட்டு மணித்தியாலம் அந்த மனிதர்களுக்காகத்தான் நாங்கள் உருகினோம். அந்தக் கண்ணீருக்குப் பொருள் உண்டா இல்லையா என்பதை இரண்டாம் சீசன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கொப்பியில் எழுதினோம். விண்கலத்துத் திரையில் பயணிகள் 1423, பணியாளர் 550 என்று வருகிறது. தொடரில் நாங்கள் பேர் தெரிந்துகொண்ட ஆட்களைக் கைவிரலிலும் கால்விரலிலும் எண்ணிவிடலாம். மற்றவர்கள் யார்? தொகை இருக்கிறது, பேர் இல்லை.

கேள்வி மிஞ்சுவது ஒன்றும் புதுசில்லை என்று எங்களில் ஒருவன் வாதாடினான். அவன் பொன்னியின் செல்வன் வெறியன். முதல் பாகப் படம் வந்து நாலு மாதம்கூட ஆகாத நேரம் அது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி கடைசி வரை உறுதியாகச் சொல்லவில்லையே, எழுபது வருஷமாக நாம் அதைப் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், அதுவும் ஒரு சுகம்தானே என்றான்.

யோசித்துப் பார்த்தோம். இரண்டும் ஒன்றில்லை. கல்கி 1950இலிருந்து 1954 வரை வாரா வாரம் எழுதி, தான் நிறுத்த நினைத்த இடத்தில் நிறுத்தினார். முடிந்த பிறகு, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்ட வாசகர்களுக்கு முடிவுரை எழுதிப் பதிலும் சொன்னார். ஒரு கதவை மட்டும் தெரிந்தே திறந்து வைத்தார். அதே வருஷம் டிசம்பரில் அவர் இறந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அப்போதும் வாசகரை நடுவழியில் விடவில்லை. அப்பா விட்டுப்போன குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். சாவு வந்து நிறுத்திய கதைக்கே இன்னொரு கை நீண்டிருக்கிறது.

'1899'க்கு நடந்தது வேறு விதம். எழுதியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். பதில் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. பணம் போட்ட கம்பனி போதும் என்று சொல்லிவிட்டது. எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் கடைசி வரை பார்த்தார்கள் என்ற கணக்குத்தான் காரணம் என்று அப்போது பலரும் எழுதினார்கள். பல நாடுகளில் முதல் பத்து வரிசைக்குள் வந்த தொடருக்கே இந்தக் கதி. பதில் இருக்கிறது, உனக்குச் சொல்ல மாட்டோம் என்கிற மாதிரியான நிலைமை இது. ஆதித்த கரிகாலன் கேள்வியில் உள்ள சுகம் இதில் இல்லாதது அதனால்தான்.

இப்படி வெட்டுப்பட்ட விஞ்ஞானக் கதைத் தொடர்கள் நிறைய. அமெரிக்காவில் 'ஃபயர்ஃபிளை' 2002இல் 14 எபிசோட் எடுத்து 11 மட்டும் காட்டப்பட்ட நிலையில் நின்றது. பிறகு 2005இல் ஒரு படமாக வந்து கொஞ்சம் முடிச்சு அவிழ்த்தது. 'தி ஓஏ' ஐந்து பாகமாக யோசிக்கப்பட்டு இரண்டோடு 2019இல் முடிந்தது. மும்பையிலும் கதை நடக்கிற 'சென்ஸ்8' தொடரை 2017இல் நிறுத்தியபோது ரசிகர்கள் சும்மா விடவில்லை. அடுத்த வருஷம் இரண்டரை மணித்தியால முடிவுப் பகுதி ஒன்றை வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தார்கள். அதற்கெல்லாம் முன்னால், 1968இல், கடிதமாக எழுதிக் குவித்தே 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கு மூன்றாவது சீசன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டமாகக் கேட்டால் சில நேரம் பதில் கிடைக்கும் என்பதற்கு இவை சாட்சி. '1899'க்காகவும் கேட்டார்கள். கிடைக்கவில்லை.

சரி, இவ்வளவு தொடர் வெட்டுப்பட்டிருக்கும்போது இது ஏன் எங்களை இப்படிப் பிடித்துக்கொண்டது? முதல் காரணம் பாஷை. இந்தத் தொடரில் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த மொழியையே பேசுகிறார்கள். ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்த்துக்கேயம், டேனிஷ், போலிஷ், கன்டனீஸ், ஆங்கிலம். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. போலந்துக்காரன் ஒலெக்கும் லிங் யீயும் ஒரு வார்த்தைகூட விளங்காமலே ஒருவரை ஒருவர் நம்புகிறார்கள். ஆங்கில டப்பிங்கில் பார்த்தால் இது முழுக்கச் செத்துப்போகும். பார்க்கிறவர்கள் தயவுசெய்து மூல ஒலியிலேயே பாருங்கள். கட்டளை ஒரு மொழியில் வருகிறது, உயிர் போகிறவன் இன்னொரு மொழிக்காரன். துரையின் ஆங்கிலத்துக்கும் கந்தோரில் வருகிற சிங்களக் கடிதத்துக்கும் இடையில் வளர்ந்த எங்களுக்கு அந்த அடித்தட்டு அந்நியமாகத் தெரியவில்லை.

இரண்டாவது காரணம், கப்பல் திரும்புகிற இடம். புரொமீதியஸைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போவதென்று கப்டன் முடிவெடுக்கிறார். நல்ல மனசோடுதான் எடுக்கிறார். ஆனால் ஏறி வந்த சனத்திடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் காட்சியில்தான் அப்பாயி முதல் தடவையாக வாய் திறந்தார்.

"இவங்கள யாரு ஏத்திவிட்டது? இப்ப யாரு திருப்புறது?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. "முடிவுல சொல்வாங்க அப்பாயி" என்று சொல்லிவைத்தோம். முடிவிலும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, கொப்பியில் எழுதிய கேள்விகளுக்கு நாங்களே பதில் கட்ட ஆரம்பித்தோம். இன்டர்நெட்டில் இருந்த தியரி எல்லாவற்றையும் வாசித்தோம், எங்கள் சொந்தச் சரக்கையும் சேர்த்தோம். விண்கலமும் பொய்தான், கியரனும் இன்னொரு கூண்டுக்குள்தான் என்று ஒரு கட்சி. பூமி அழிந்துவிட்டது, கியரன் காப்பாற்றுகிறவன் என்று இன்னொரு கட்சி. சத்தம் கூடிப்போய்க் கடைசியில் அப்பாயியைத் தீர்ப்புக் கேட்டோம். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"நீங்க சொல்றதெல்லாம் நீங்க நெனைக்கிறது. எழுதினவன் என்னா சொல்றான்? அத அவன்கிட்டதான் கேக்கணும்."

அதோடு நிறுத்தவில்லை. அவருடைய அண்ணன் கதையைச் சொன்னார். எங்களில் அந்த வீட்டுப் பிள்ளைக்குக்கூட முழுதாகத் தெரியாத கதை.

1970களில் அண்ணன் குடும்பம் இந்தியா போனது. தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சி ஏறினார்கள். தலைமன்னார் போய், அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். அந்தக் கோச்சிக்கு நம்ம சனம் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கும் அதுதான் தலைப்பு. ஸ்டேஷனில் நிற்கிறவர்களும் அழுவார்கள், ஏறினவர்களும் அழுவார்கள். அண்ணனிடமிருந்து இரண்டு கடிதம் வந்ததாம். நீலகிரிப் பக்கம் தேயிலை வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்று இரண்டாவது கடிதத்தில் இருந்ததாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. 1983 கலவரத்துக்கு அடுத்த வருஷம் கப்பலும் நின்றுபோனது.

"நல்லாத்தான் இருப்பாரு, நல்லாத்தான் இருப்பாருன்னு அம்பது வருசமா எல்லாரும் சொல்றாங்க. அதுவும் அவங்க நெனைக்கிறதுதானே" என்றார் அப்பாயி.

அன்றைக்கு நாங்கள் வேறு ஒன்றும் பேசவில்லை.

இந்தக் கோச்சிக்கு யார் காரணம் என்பது எங்கள் எல்லாருக்கும் பரீட்சைக்குப் பாடமாக்கிய விஷயம்தான். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடில்லாதவர்கள் என்று கணக்கிட்டது 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தார்கள். பத்து வருஷம் கழித்து 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்தார்கள். இங்கே மிஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வோம். அந்த 5 இலட்சத்து 25 ஆயிரத்துக்குள் ஒருவர் அப்பாயியின் அண்ணன் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. தொகை இருக்கிறது, பேர் இல்லை.

வந்த காலத்துக்கும் இதே கதைதான். 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கி, தோட்ட வேலைக்கு வந்த 120 பேர் செத்துப்போனார்கள் என்று வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு வரி வரும். அந்த வரியை நாங்கள் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறோம். புரொமீதியஸ் கப்பலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு ராத்திரி முழுக்க முழித்திருந்த நாங்கள், ஆதிலட்சுமியில் வந்தவர்கள் எந்த ஊர், யாருடைய பிள்ளைகள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு டிவி தொடர் நின்றுபோனதையும் இலட்சக்கணக்கான சனத்தின் வாழ்க்கை இரண்டாக வெட்டுப்பட்டதையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் வரவில்லை. தொடர் நின்றால் நமக்கு நட்டம் ஒரு மாதச் சந்தா, கொஞ்சம் தூக்கம். இருந்தும், பதில் இல்லாத கேள்வியோடு எப்படி இருப்பது என்பதை நாங்கள் இந்தத் தொடரில் தொடங்கித்தான் யோசித்தோம். யோசித்ததில் ஒன்று தெளிவானது. '1899'இன் பதில் இரண்டு பேர் தலைக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க எங்களால் ஆகாது. எவ்வளவு தியரி கட்டினாலும் அது நாங்கள் நினைப்பதுதான். எங்கள் வீட்டுக் கேள்விகளுக்கான பதிலும் சில தலைகளுக்குள்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயசு. கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் அந்த சீசனும் வராது.

ஆகவே அதே கொப்பியைப் புரட்டிப் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தோம். போனவர் பேர், அவர் வீட்டுக்காரம்மா பேர், பிள்ளைகள் எத்தனை, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயம், ஏறிய ஸ்டேஷன், என்ன வருஷம். வருஷம் சரியாகத் தெரியாதவர்கள், "பெரிய பிள்ளை பொறந்த மறுவருசம்" என்றோ "மாவுக்குக் கியூவுல நின்ன காலம்" என்றோ சொல்வார்கள். அதையும் அப்படியே எழுதுகிறோம். நாங்களாக எதையும் இட்டு நிரப்புவதில்லை. தெரியாத இடத்தை வெறுமையாக விடுகிறோம். அப்பாயி போட்ட இரண்டாவது கண்டிசன் அது. இதுவரை பதினாறு வீடு முடிந்திருக்கிறது. ஒரு தாத்தா தன் தங்கச்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பேரைச் சொன்னதோடு நிறுத்திவிட்டார். அவர் பக்கத்தில் பேர் மட்டும்தான் இருக்கிறது. ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

தொடரைப் பார்க்கலாமா வேண்டாமா என்று கேட்டால், பாருங்கள் என்றுதான் சொல்வோம். முடிவு இல்லை என்பது தெரிந்தே பாருங்கள். கப்பலின் இருட்டும், எட்டு மொழிகளும், விளங்காத மொழிக்காரன் கையைப் பிடிக்கிற இடமும் அந்த எட்டு எபிசோடுக்குள் முழுதாக இருக்கின்றன. முடிவு வராததால் அவை பொய்யாகிவிடவில்லை. 1899இல் அவர்கள் பட்ட துக்கம் யாருடையது என்ற எங்கள் கேள்விக்கு இப்போதைக்கு நாங்கள் வைத்திருக்கிற பதில், பார்த்தவர்களுடையது என்பதுதான். அதுவும் நாங்கள் நினைப்பதுதான் என்று அப்பாயி சொல்வார். சொல்லட்டும்.

நீலகிரிப் பக்கம், கோத்தகிரி, கூடலூர், அங்குள்ள அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் நம்ம சனம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை அங்கே சிலோன்காரங்க என்று கூப்பிடுகிறார்களாம். அங்கே இருந்து இதை வாசிப்பவர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுச் சொல்லுங்கள்: லிந்துலை, நாகசேனை, அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து தலவாக்கலையில் கோச்சி ஏறி வந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? இருந்தால், இங்கே விட்டுவந்த தங்கச்சியின் பேர் என்ன என்று கேளுங்கள். அந்தப் பேரை நாங்கள் இங்கே வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அவர்கள் வாயால் வரட்டும்.